உப்புக் குவியலில் ஒரு செருப்பு, சிவகாசியில் ஓர் அக்கா

ஜூன் 1, வியாழன்

எடை 56.1. தண்ணீர் 600 மில்லி.

டயாலிசிஸ் டெக்னீசியன் மாரீஸ்வரன் தம்பி கொடுத்த நோட்டு இது. காலையில் எடை, நாள் முழுக்கக் குடித்த தண்ணீர், இரண்டையும் தினமும் எழுத வேண்டும். எட்டு மாதத்தில் ஒரு நோட்டு தீர்ந்துவிட்டது, இது இரண்டாவது. இரண்டு எண்ணை எழுதிவிட்டு முழுப் பக்கத்தையும் வெறுமையாக விட எனக்கு மனசு வரவில்லை. கோவில்பட்டியில் பள்ளிக்கூட ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் ரெக்கார்ட் எழுதிய கை இது. மிச்ச இடத்தில் தோன்றியதை எழுதப் போகிறேன். டாக்டர் பார்த்தால் பார்க்கட்டும்.

இன்றைய முக்கியச் செய்தி: அம்பலவாணன் வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு கடையில் ஜூன் மாத நாவல், 'உப்புக் குவியலில் ஒரு செருப்பு'. துப்பறியும் அம்பலவாணன் மாதம் ஒரு கேஸ் வீதம் முப்பத்தொரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. எனக்கு இப்போது நாற்பத்தேழு, அவருக்கு இன்னமும் அதே நாற்பத்தைந்துதான். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, வாயில் எந்நேரமும் கடலைமிட்டாய். கொடுத்து வைத்தவர்.

"காயை ரெண்டு தடவ வேக வச்சு தண்ணிய வடிச்சுச் சாப்பிடச் சொன்னா வலிக்கி. இதுக்கு மட்டும் வெயில்ல பஸ் ஸ்டாண்டு வர நடப்பா" என்றார் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து. மின்வாரியத்தில் லைன்மேன். நான் அதற்குள் முதல் அத்தியாயத்தில் இருந்தேன்.

ஜூன் 5, திங்கள்

எடை 56.9. தண்ணீர் 700. (தெரியும், கூடுதல்தான்.)

இன்று ஒரு கொலை நடந்தது. நாவலில் இல்லை, நாவலுக்கே.

திங்களும் வியாழனும் எனக்கு டயாலிசிஸ். மூன்றாம் நம்பர் பெட் என்னுடையது, நான்காம் நம்பர் ஞானப்பிரகாசம் அண்ணாச்சியுடையது. அறுபத்து மூன்று வயது. நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர், அசாம் வரை போயிருக்கிறாராம். இடது கையில் இரண்டு ஊசி குத்தி மெஷினில் மாட்டிவிட்டால் நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஒரே கையில் புத்தகத்தைப் பிடித்து அதே கையால் பக்கமும் புரட்ட வேண்டும். பத்து பக்கத்துக்கு ஒரு தடவை புத்தகம் நெஞ்சில் விழும். நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இங்க தாம்மா" என்று வலது கையை நீட்டினார். ஏதோ உதவி செய்யப் போகிறார் என்று கொடுத்துத் தொலைத்தேன்.

பல்லில் கடித்துப் பின்னை உருவினார். புத்தகத்தை மூன்று துண்டாகப் பிரித்தார்.

"அய்யய்யோ அண்ணாச்சி! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"இந்தா, மொத துண்டு உனக்கு. இனிமே ஒத்தக் கையில சொகமாப் பிடிக்கலாம். கடைசித் துண்டு எனக்கு."

"கடைசியில இருந்தா வாசிப்பீங்க?"

"பெறகு? இந்த மெஷின நம்பி நூத்தம்பது பக்கம் வாசிக்கச் சொல்லுதியா? மொதல்ல கொலகாரன் யாருன்னு தெரிஞ்சுக்கிடுதேன். பெறகு நேரமிருந்தா அவன் ஏன் கொன்னான்னு பாத்துக்கிடலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரஷர் ஏறி மெஷின் கத்தியது. ஆனால் துண்டுப் புத்தகம் ஒரு கையில் நன்றாகத்தான் நிற்கிறது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

எடை 54.6. தண்ணீர் 500. இன்று பள்ளிக்கூடம் போனேன். டி.சி. பதினேழு எழுதினேன்.

ஜூன் 8, வியாழன்

எடை 56.2. தண்ணீர் 550.

கதை அருமையாகப் போகிறது. உப்பள முதலாளி ராஜபாண்டியைக் காணவில்லை. அவர் செருப்பில் ஒன்று மட்டும் உப்புக் குவியலில் செருகி நிற்கிறது. சந்தேகம் நாலு பேர் மேல்: தம்பி, மேனேஜர், குடும்ப டாக்டர், அழவே அழாத மனைவி. அம்பலவாணனும், புல்லட் ஓட்டும் உதவியாளர் பிலோமினாவும் உப்பளத்துக்கு வந்து காவல்காரன் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே எல்லாரையும் விசாரிக்கிறார்கள். நான் தம்பி மேல் கை வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் தப்பாகச் சொன்ன கேஸ்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும், அவ்வளவுதான். கூடப் பிறந்ததுகள்தான் முதலில் கழுத்தை அறுக்கும்.

"மேனேஜர்தாம்மா கொன்னது" என்றார் அண்ணாச்சி. முகத்தைப் பார்த்தேன். பொய். சிரிப்பை அடக்கும்போது அவர் காது ஆடும்.

புது டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். "மாற்று சிறுநீரகம் பத்தி யோசிச்சீங்களா?" என்று கேட்டார். இவர் பி குரூப், நான் ஓ. ஒத்து வராது. மகள் இளவேனிலுக்கு ஓ குரூப்தான். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை வெட்டி எடுத்து நான் வாழ வேண்டாம் என்று போன வருஷமே சொல்லிவிட்டேன். அது முடிந்த பேச்சு.

"கூடப் பிறந்தவங்க?" என்றார்.

"யாரும் இல்ல" என்றேன்.

ஜூன் 11, ஞாயிறு

எடை 55.7. தண்ணீர் 500.

பொட்டாசியம் போவதற்காக உருளைக்கிழங்கை நறுக்கி, ஊற வைத்து, வடித்து, வேக வைத்து, மறுபடி வடித்தேன். கடைசியில் அது உருளைக்கிழங்கின் ஆவி போல இருந்தது. சாப்பிட்டேன்.

பீரோவைத் துடைக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. என் மருத்துவ ஃபைலில் தாள்களின் வரிசை மாறியிருக்கிறது. நான் தேதிப்படி அடுக்குவேன், மேலே புதியது, கீழே பழையது. இப்போது ரத்த குரூப் தாள் மேலே இருக்கிறது. யாரோ எடுத்து ஜெராக்ஸ் போட்டிருக்கிறார்கள்.

இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார். அம்பலவாணன் எப்போதும் சொல்வது அதுதானே, முதலில் கவனி.

ஜூன் 17, சனி

எடை 55.9. தண்ணீர் 650.

இளவேனில் திருநெல்வேலியில் பி.எட். படிக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். முழுக்கைச் சுடிதார். இந்த வெயிலில்! பாத்திரம் கழுவும்போது கையை ஏற்றிவிட்டாள். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி.

"என்னட்டி இது?"

"காலேஜ்ல பிளட் கேம்ப்மா."

"சனிக்கிழமையா?"

"நேத்தும்மா" என்றாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார். ஃபேன் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தடயம்.

ஜூன் 20, செவ்வாய்

எடை 54.9. தண்ணீர் 500.

துவைக்கப் போட்ட இவர் சட்டைப் பையில் இரண்டு பஸ் டிக்கெட். போன வெள்ளிக்கிழமை லைனில் வேலை, வர நேரமாகும் என்றாரே, அந்த நாள். ஒன்று கோவில்பட்டியில் இருந்து சிவகாசி. இன்னொன்று சிவகாசியில் இருந்து மதுரை, ஆள் இரண்டு என்று அடித்திருக்கிறது. மதுரைக்கு நேர் பஸ் இருக்க, சிவகாசி சுற்றிப் போக இவருக்கென்ன பைத்தியமா? அன்றைக்கு நேர் பஸ் கிடைக்காமல் இருந்திருக்கும். அது முக்கியமில்லை. முக்கியம் மதுரை. அங்கேதான் ஆபரேஷன் செய்யும் பெரிய ஆஸ்பத்திரி. ஆள் இரண்டு. ஒன்று இவர், இன்னொன்று இளவேனில். வெள்ளிக்கிழமை. பிளாஸ்திரி.

கேஸ் முடிந்தது. அப்பனும் மகளும் எனக்குத் தெரியாமல் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள்.

என் வயிற்றில் பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை. அவளுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அவள் ஒரு பிள்ளை பெற வேண்டும். உடம்பில் தையல் போட்ட பெண் என்று ஊர் பேசாதா? அவளுக்கே ஒரு நாள் இருக்கிற ஒன்றும் பழுதானால்? எனக்கு மேல் எழுத வரவில்லை.

ஜூன் 22, வியாழன்

எடை 57.4. தண்ணீர் எழுதவில்லை.

டயாலிசிஸ் போகவில்லை. தலைவலி. இவரிடம் சொல்லிவிட்டேன்: "எம் பிள்ள மேல கத்தி பட்டா, நான் இந்த மெஷினுக்கும் வரமாட்டேன், எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன். பாத்துக்கிடுங்க." அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 23, வெள்ளி

எடை 58.6. கால் வீக்கம் கொஞ்சம். மற்றபடி ஒன்றுமில்லை.

ஜூன் 24, சனி

படுத்தால் மூச்சு வாங்குது. உட்கார்ந்தே இருக்கிறேன். ஒன்றுமில்

ஜூன் 26, திங்கள்

எடை 55.1. தண்ணீர் 400.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்களாம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆக்சிஜன் வைத்து அவசரமாக டயாலிசிஸ் போட்டார்கள். அரை மணி தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் இவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது மாரீஸ்வரன் தம்பி, "ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்று வழக்கமான முறை. ஊசி குத்தி முடித்ததுமே அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"எதுக்கு வியாழக்கிழமை வரல?"

நடந்ததை முழுக்கச் சொன்னேன். ஃபைல், பிளாஸ்திரி, டிக்கெட், எதையும் விடவில்லை. தடயம் சேர்த்த விதத்தைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, எழுதினால் என்ன.

"சரி. புருசங்கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"மககிட்ட?"

"பிளாஸ்திரி என்னன்னு கேட்டேன்."

"ஒனக்குத்தான் கிட்னி குடுக்கப் போறியான்னு கேட்டியா?"

"இல்ல."

"ஒங்க அம்பலவாணன் நூத்தம்பது பக்கம் என்னத்தம்மா பண்ணுதாரு? வீடு வீடாப் போயி வாயத் தொறந்து கேக்காருல்லா? நீ ஒரு சாட்சியக்கூட விசாரிக்காம தீர்ப்பும் எழுதி, தூக்குலயும் ஏறிட்டியே. கூறுகெட்டவளா இருக்கியே!"

மாரீஸ்வரன் தம்பி திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பெரியவர், திட்டினால் திட்டட்டும். அவர் சொன்னதில் என்ன தப்பு?

ஜூன் 27, செவ்வாய்

எடை 54.7. தண்ணீர் 450.

கேட்டேன். காலையில் இவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். "மதுரைக்கு யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?"

இட்லியைப் பிய்த்தபடி தட்டைப் பார்த்தே சொன்னார், "கோமதி மதினிய."

கோமதி என் அக்கா. ஐந்து வயது மூத்தவள். சிவகாசியில் இருக்கிறாள்.

இளவேனில்தான் முதலில் பெரியம்மாவுக்கு போன் போட்டிருக்கிறாள். இவர் போய்ச் சொன்னதும் அக்கா, "எந்தப் பஸ்ஸு?" என்று கேட்டாளாம், அவ்வளவுதான். ஓ குரூப். மற்ற டெஸ்டும் ஒத்து வருகிறது. எல்லாம் உறுதியான பிறகு என்னிடம் சொல்லலாம் என்றிருந்தார்கள். பிளாஸ்திரி நிஜமாகவே காலேஜ் கேம்ப்தானாம். முழுக்கைச் சுடிதார், மற்றதெல்லாம் அழுக்காக இருந்ததால்.

"நீ சிவகாசின்னு சொன்னாலே சாமி ஆடுவியே. அதான் பயந்தேன்" என்றார்.

எழுதிவிடுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கா மகன் வேலாயுதம் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகையை நேரில் வந்து வைக்கவில்லை. அத்தான் அவசரத்தில் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கூடப் பிறந்தவளுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாத கல்யாணத்துக்கு நான் ஏன் போக வேண்டும் என்று போகவில்லை. அக்கா போன் பண்ணினாள், எடுக்கவில்லை. அப்படியே பேச்சு நின்றது. கேட்டவர்களிடம் எல்லாம் இதைத்தான் சொல்வேன், கேட்டவர்களும் "ஆமா, தப்புத்தான்" என்பார்கள்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்றும் எழுத முடியவில்லை.

ஜூன் 29, வியாழன்

எடை 56.0. தண்ணீர் 500.

நான்கு மணி நேரமும் நடுத்துண்டைக் கையில் வைத்திருந்தேன். ஒரே பக்கம். அண்ணாச்சி கொலைகாரன் பெயரைச் சொல்லவே இல்லை.

எழுதுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் அத்தான் இறந்துவிட்டார். சாவுக்கு நான் போகவில்லை. வாழ்வுக்குப் போகாவிட்டாலும் சாவுக்குப் போக வேண்டும், பகையாளிகூடப் போவான். நான் போகவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் போனேன். மாலை வாங்கிக்கொண்டு சிவகாசி போய், அக்கா தெருமுனை டீக்கடை வரை போனேன். கொட்டுச் சத்தம் கேட்டது. 'கல்யாணத்துக்கு வராதவ இதுக்கு வந்துட்டா' என்று யாராவது சொல்வார்களே என்று நின்றேன். அரை மணி நேரம் நின்றேன். மாலையை அங்கேயே ஒரு சுவரில் தொங்கவிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இப்படிப்பட்டவளுக்கு அவள் கிட்னி தரப் போகிறாளாம்.

ஜூலை 1, சனி

எடை 55.0. தண்ணீர் 600.

சிவகாசிக்குத் தனியாகப் போகிறேன் என்றேன். இவர் கேட்கவில்லை, டீக்கடை வரை வந்தார். அங்கே அவரை நிறுத்திவிட்டு நான் மட்டும் போனேன்.

அக்கா கேலண்டரின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் வேலை பார்க்கிறாள். வாசலை ஒட்டி உட்கார்ந்து, கோடி சாமி படங்களுக்கு நடுவில் வேலை செய்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"வெயில்ல நிக்காத. உள்ள வா."

முடி நரைத்திருக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறாள். நான் பையில் இருந்து தட்டை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். அவள் முன்னால் வைத்தேன். முறைப்படி கூப்பிட வந்திருக்கிறேன் என்று தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

அக்கா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னட்டி இது? கிட்னி தா அக்கான்னு வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட வந்த மொத ஆளு ஒலகத்துலயே நீதான்."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, அத்தான் சாவுக்கு நான்..."

"டீக்கடை வர வந்த. தெரியும்."

"எப்படி?"

"வேலாயுதம் பாத்துட்டு ஓடியாந்து சொன்னான். 'சித்தி மாலையோட நிக்காங்கம்மா, போய்க் கூப்பிடட்டுமா'ன்னான். நாந்தான் 'வேண்டாம்ல, அவளா வரட்டும்'னேன்." அக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். "நீ வரல. நானும் கூப்பிடல. அவரு உள்ள படுத்துக் கெடக்காரு, எனக்கு அந்த நேரத்துலயும் வீம்பு. அதுல இருந்து நெனச்சு நெனச்சுத்தான் சாகேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். வெட்கமில்லாமல், சத்தமாக. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு அக்கா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாழப்பழம் நீ திங்கக் கூடாதாம்லா, ஒம் மாப்பிள்ள சொன்னாரு" என்று ஒன்றை உரித்து எனக்கு முன்னாலேயே தின்றாள். கடன்காரி.

ஜூலை 6, வியாழன்

எடை 55.8. தண்ணீர் 500.

நாவலை முடித்தேன். தம்பி இல்லை. மேனேஜர் இல்லை. டாக்டர், மனைவி, யாருமில்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டே இருந்தானே காவல்காரன், அவன். அத்தனை பேரை விசாரித்த போலீஸ் அவனிடம் டீ வாங்கிக் குடித்ததே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்பலவாணன்தான் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே, "முதலாளி காணாமல் போன அன்று சாயங்காலம் மட்டும் நீ ஏன் டீ போடவில்லை?" என்று கேட்கிறார். அவன் அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு முடிவு வந்ததே இல்லை. "எங்கண்ணுக்கு முன்னாலயே இருந்தானே, படுபாவி!" என்று கத்தினேன். ஐந்தாம் பெட் அம்மா பயந்து எழுந்துவிட்டார்.

அண்ணாச்சிக்குக் காது இரண்டும் ஆடியது. "ஒரு மாசமா வாய மூடிக்கிட்டு இருந்தேன் பாரு, அதுக்கு எனக்குத்தான் மொதல்ல கிட்னி குடுக்கணும்" என்றார். அவர் பெயர் கிட்னிக்குக் காத்திருப்பவர்களின் அரசுப் பட்டியலில் இருக்கிறது. முன்னூற்றுச் சொச்சமாவது ஆள். "கடைசிப் பக்கம் எனக்குத் தெரியாத ஒரே கத இதுதாம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூலை 19, புதன்

எடை 55.2. தண்ணீர் 500. அக்காவுக்கு மதுரையில் ஸ்கேன். அவள் கிட்னி இரண்டும் "முதல் தரம்" என்றாராம் டாக்டர். அப்போதிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

எடை 55.5. தண்ணீர் 450.

இன்று கமிட்டி. உறுப்பு கொடுப்பவர் மனதாரக் கொடுக்கிறாரா, யாராவது மிரட்டினார்களா என்று கூப்பிட்டு விசாரிப்பார்கள். நாலு பேர் வரிசையாக மேஜைக்குப் பின்னால். ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், அப்பா அம்மா பெயர் எல்லாம் சரி. "சேர்ந்து எடுத்த போட்டோ?" என்றார்கள். பழைய கறுப்பு வெள்ளை ஒன்று கொடுத்தேன். "சமீபத்துல?" என்றார் கண்ணாடி போட்ட அம்மா. சமீபத்தில் ஏது?

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்லவில்லை. "ஒம்பது வருஷமா எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லம்மா. அத்தான் சாவுக்குக்கூட நான் போகல. ஜூலையிலதான் பேசினோம்" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் போயிற்று, என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அக்காவை உள்ளே கூப்பிட்டு என்னை அங்கேயே உட்காரச் சொன்னார்கள்.

"உங்க தங்கச்சி உங்களோட ஒம்பது வருஷம் பேசலைங்கிறாங்க. உங்க வீட்டுக்காரர் சாவுக்குக்கூட வரலையாம். அப்புறம் ஏம்மா குடுக்கிறீங்க? யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா?"

அக்காவுக்குக் கேள்வியே புரியாத மாதிரி இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஏன் இதையெல்லாம் இவர்களிடம் சொன்னாய் என்பது போல.

"பேச்சுதானம்மா இல்ல" என்றாள். "தங்கச்சி இருந்தாள்லா."

கண்ணாடி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்கள்.

செப்டம்பர் 11, திங்கள்

எடை 54.9.

நாளைக்கு ஆபரேஷன். காலையில் அண்ணாச்சி போன் பண்ணினார். "பயமா இருக்கா?" என்றார். ஆமா என்றேன். "எனக்கும்தாம்மா" என்றார். இளவேனில் என் தலையைப் பின்னிவிட்டாள். எனக்குப் பின்ன வராதா என்ன? ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வார்டில் இருந்து அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள்: பசிக்கிறதாம், ஒன்றும் தரமாட்டேன் என்கிறார்களாம், என்னால்தானாம்.

செப்டம்பர் 14, வியாழன்

இளவேனில் எழுதுவது: அம்மாவால் எழுத முடியவில்லை, சொல்லச் சொல்ல எழுதுகிறேன். மாற்றிய கிட்னி ஆபரேஷன் மேஜை மேலேயே வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டதாம். நேற்று மட்டும் சிறுநீர் ஆறு லிட்டர். "ஆறுன்னு பெருசா எழுதுடி" என்கிறாள். ஆறு. பெரியம்மாவிடம் சொன்னபோது, "எம் பொருளு சோடை போகுமா?" என்றாள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

எடை 53.8. தண்ணீர் நான்கு லிட்டர். தப்பாக எழுதவில்லை, நான்கு லிட்டர். குடி குடி என்று விரட்டுகிறார்கள்.

நான் தனி அறையில் இருக்கிறேன். கிருமி வரும் என்று இளவேனிலைத் தவிர வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது, வெளிப் புத்தகமும் வரக் கூடாது. ஆபரேஷன் அலைச்சலில் வாங்காமல் விட்ட செப்டம்பர் அம்பலவாணன் வந்து பதினேழு நாள் ஆகிறது, எனக்குக் கை அரிக்கிறது. இதை இளவேனில் போய்ப் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

மூன்று மணிக்கு போன் வந்தது.

"ஏட்டி, புஸ்தகம் எங்கையில இருக்கு. நான் வாசிக்கேன், நீ கேளு."

"உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்காதே."

"ஆமா, பிடிக்காது. வேலையத்தவ எழுதி, வேலையத்தவ வாசிக்கிறது. காத வச்சுக் கேளு."

அக்கா வாசிக்கிற வாசிப்பு இருக்கிறதே! ஒவ்வொரு வார்த்தையையும் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறாள். பிலோமினா புல்லட்டில் வந்தால், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குட்டி இம்புட்டு வேகம்" என்று நிறுத்திவிடுகிறாள். பிணம் கிடைக்கிற இடத்தில், "அய்யோ பாவம், சின்ன வயசு" என்று ஐந்து நிமிஷம் வருத்தப்பட்டாள். இருமல் வந்தால் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு, "இரு, இரு" என்று மூச்சு வாங்கிவிட்டு, விட்ட வரியை விரலால் தேடி மறுபடி ஆரம்பிக்கிறாள். இருபதாம் பக்கத்தில் எனக்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. சொல்லப் போனேன். "வாய மூடிட்டுக் கேக்கியா, வைக்கட்டுமா?" என்றாள். மூடிக்கொண்டேன்.

போனைத் தலையணையில் காதோரமாக வைத்துக்கொண்டேன். குரல் வந்துகொண்டே இருந்தது. எப்போது கண் அசந்தேனோ தெரியவில்லை. முழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. காதில் அக்கா இன்னமும் வாசித்துக்கொண்டிருந்தாள். நான் தூங்கினது அவளுக்குத் தெரியவில்லை. குரல் கம்மிவிட்டது. ஏதோ ஒரு வக்கீல் யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தான், அந்த வக்கீல் எப்போது வந்தான் என்றே எனக்குத் தெரியாது. நாலைந்து அத்தியாயம் போயிருக்கும்.

"அக்கா."

"என்ன?"

"தூங்கிட்டேன்."

வந்தது பாருங்கள் வசவு! எருமை, சண்டாளி, தொண்டத் தண்ணி வத்த ரெண்டு மணி நேரமா நான் ஒரு மரக்கட்டைக்கா வாசிச்சுக்கிட்டு இருந்தேன், தையல் போட்ட வயித்தோட. சிஸ்டர் ஓடி வந்து "என்னம்மா சத்தம்" என்று அவளிடம் கேட்பதுகூடக் கேட்டது.

"மறுபடி வாசி" என்றேன்.

"எங்க இருந்து?"

"மொதல்ல இருந்து."

"மொதல்ல இருந்தா?" என்றாள். இன்னொரு ரவுண்டு திட்டினாள். பிறகு தண்ணீர் குடிக்கிற சத்தம், பக்கம் புரளுகிற சத்தம். "தூங்குன, கொன்னுபோடுவேன்" என்று சொல்லிவிட்டு, அத்தியாயம் ஒன்று என்று ஆரம்பித்தாள்.